பச்சை மாங்காய்

"இன்னும் பெருசாக்குங்க தம்பி."

பாஸ்போர்ட் போட்டோ எடுக்க வந்த தண்டாயுதபாணி, ஸ்டுடியோச் சுவரில் மாட்டியிருந்த பெண்ணின் படத்தைப் பார்த்துவிட்டு, அதைக் கம்ப்யூட்டரில் காட்டச் சொல்லியிருந்தார். தன் வேலையின் சுத்தத்தைப் பார்க்கிறார் என்று நினைத்த ரொனால்டு, முகத்தைப் பெரிதாக்கினான்.

"முகம் வேணாம். கீழ இறக்குங்க. தோளுக்கிட்ட."

ரொனால்டு மவுஸால் படத்தை நகர்த்தினான்.

"இன்னும் செத்த கீழ. இன்னும் பெருசா."

ரொனால்டுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "என்னண்ணே, வயசுக்குத் தக்கன நடந்துக்கங்க!" என்று திரையை அணைக்கப் போனான்.

"அந்தா இருக்கு பாருங்க!"

அவர் விரல் பட்ட இடத்தில், சேலை முழுக்க இருந்த சிவப்பு மாங்காய்ப் புட்டாக்களுக்கு நடுவே ஒன்றே ஒன்று பச்சையாக இருந்தது.

"எம் பொண்டாட்டி அழகம்மா நெய்தது தம்பி. புள்ள அழுகுதுன்னு தறியவிட்டு எந்திரிச்சுப் போனவ, திரும்பி வந்து நூலை மாத்திப் போட்டுட்டா. இம்புட்டு வருசமா சின்னாளபட்டில நெய்யுறா, அவ நெய்தத யாரு கட்டுறாங்கன்னு பாத்ததே இல்ல. இந்த எடத்த மட்டும் ஒரு பிரிண்ட் போட்டுத் தாங்க. கொண்டுபோய்க் காட்டுறேன்."

ரொனால்டு பிரிண்டர் பக்கம் போகவில்லை. போனை எடுத்தான்.

"ரூபி, நம்ம நிச்சயத்துக்கு, ஒத்தப் பச்ச மாங்கா இருக்குன்னே நீ ஆசப்பட்டு எடுத்த சேலை பீரோவுலதான இருக்கு? சாயங்காலம் கட்டிக்க. அத நெய்தவங்க உன்னப் பாக்க வாராங்க."