நகராத பிஸ்டன்

"ஞாயித்துக்கிழமை என் பையன் லாயிட் மஸ்கட்லேர்ந்து வர்றான்பா. வந்ததும் முதல்ல இந்த புல்லட்டைத்தான் கேப்பான். அதுக்குள்ள ஓட வெச்சிடுவியா?"

வீட்டுக்காரப் பெரியவர் ஆம்ப்ரோஸ் நேற்றும் இதையேதான் சொன்னார். கிளெமென்ட் சிரித்துக்கொண்டே தலையாட்டினான். விவேக் நகரில் சின்னதாக மெக்கானிக் ஷாப் வைத்திருப்பவன். ரிச்சர்ட்ஸ் டவுனில் இருக்கும் இந்த வீட்டுக்கு நேற்றுதான் முதல்முறையாக வந்தான். போர்டிகோவில் தூசி படிந்து நின்ற புல்லட்டைப் பார்த்ததுமே அவனுக்கும் ஒரு ஆசை வந்துவிட்டது.

"பிஸ்டன் ஜாம் ஆயிருக்கு அங்கிள். நேத்து டீசல் ஊத்தி ஊற வெச்சேன். இப்ப தட்டிப் பார்க்கறேன்."

"பத்து வருஷமா யாரும் கை வைக்கலை மேன். அப்படித்தான் இருக்கும்."

கிளெமென்ட் ஸ்பானரைக் கையில் எடுத்தான். துருப்பிடித்த நட்டுகளை நேற்றுச் சூடு காட்டிக் கழற்றி, எஞ்சின் ஹெட்டைத் தூக்கியபோதே ஒன்று அவனை உறுத்தியது. ஹெட்டுக்கு அடியில் கசிவு வராமல் வைக்கும் கேஸ்கெட் தகடு புதிது. யாரோ சமீபத்தில் பிரித்து மாட்டியிருக்கிறார்கள். பெரியவர் இதை ஏன் மறைக்கிறார்?

"ஏங்க, மாத்திரை போட்டுக்கிட்டுக் கொஞ்சம் படுங்க. தம்பி பாட்டுக்கு வேலை பார்க்கட்டும்" என்று பிரபா ஆன்ட்டி வந்து கணவரைக் கைப்பிடித்து உள்ளே அழைத்துப் போனாள்.

சிலிண்டர்மேல் மூடி வைத்திருந்த துணியை எடுத்தான் கிளெமென்ட். டீசலுக்கு அடியில் செம்மண் நிறத்தில் தண்ணீர் நின்றது. ராத்திரி மழை இல்லை. கேட் பூட்டியிருந்தது. குனிந்து பார்த்தான். ஓரத்தில் பாதி கரைந்தும் கரையாமலும் கல் உப்பு.

ஆன்ட்டி டீயோடு வந்தாள்.

"இதுல யாரு ஆன்ட்டி உப்புத் தண்ணி ஊத்தினது?"

அவள் டம்ளரைப் படியில் வைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்தாள். "தெரியலையே தம்பி..."

நேற்று நட்டு கழன்றபோதெல்லாம் அவள் முகம் வாடியதும், 'இன்னைக்கு இது போதுமே' என்று அவனை அனுப்பப் பார்த்ததும் இப்போது அவனுக்கு விளங்கியது.

"உங்களுக்கு இந்த வண்டி பிடிக்கலைன்னா நேரா சொல்லிடலாமே ஆன்ட்டி. பாவம் அங்கிள், பையன் வர்றான்னு எவ்ளோ குஷியா இருக்காரு! அதைக் கெடுக்க உங்களுக்கு எப்படி மனசு வருது?"

அவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

அந்தக் கோபத்தையெல்லாம் வேலையில் காட்டினான் கிளெமென்ட். தண்ணீரை உறிஞ்சி எடுத்து, துருவைத் துடைத்தான். சிலிண்டரைச் சுற்றிலும் நெருப்புக் காட்டினான். பிஸ்டன்மேல் மரக்கட்டையை வைத்து, சுத்தியலால் விட்டு விட்டுத் தட்டினான். அசையவில்லை. மறுபடி சூடு, மறுபடி டீசல், மறுபடி தட்டல். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

திடீரென்று சத்தம் மாறியது. மயிரிழை அளவுக்குப் பிஸ்டன் இறங்கியது. இன்னொரு தட்டு. கிக்கரைக் கையால் மெல்ல அழுத்தினான். பிஸ்டன் வழுக்கிக்கொண்டு கீழே போய் மேலே வந்தது. கோபமெல்லாம் எங்கோ போய்விட்டது.

"அங்கிள்!" என்று கத்தினான்.

பிரபா ஆன்ட்டி பாய்ந்து வந்து, கிரீஸ் அப்பிய அவன் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"நகர்ந்துடுச்சுன்னு அவர்கிட்ட சொல்லிடாதே தம்பி. உன் கால்ல வேணாலும் விழறேன், சொல்லிடாதே."

"என்ன ஆன்ட்டி இது?"

"நான்தான் ஊத்தினேன். போன வருஷம் ஒரு மெக்கானிக் ஓட வெச்சுட்டுப் போனப்பவும் நான்தான் ஊத்தினேன். ரிப்பேர் பண்ண ஆள் வரலைன்னா அவர் சாப்பிடவே மாட்டாரு. வர்ற ஒவ்வொருத்தர்கிட்டேயும் வாய்விட்டுச் சொல்லவும் என்னால முடியலை."

"என்னன்னு?"

உள்ளே ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"வண்டி சத்தம் கேட்டதும் லாயிட்டுக்கு போன் போடச் சொல்லுவாரு. அவன் கொரோனா சமயத்துலயே போயிட்டான் தம்பி. அங்கேயே அடக்கம் பண்ணிட்டாங்க, நாங்க முகம்கூடப் பார்க்கலை. இவருக்கு எதுவும் மனசுல நிக்கறதில்லை. போன தடவை சொன்னப்ப, அன்னைக்குத்தான் புதுசா கேக்கற மாதிரி நெஞ்சுல அடிச்சுக்கிட்டு அழுதாரு. மறுநாள் எழுந்து, 'லாயிட் எப்ப வர்றான்?'ங்கறாரு. வண்டி ரெடியாகாம இருக்கற வரைக்கும்தான் எங்க பையன் வந்துக்கிட்டிருப்பான்."

உள்ளேயிருந்து செருப்புச் சத்தம் நெருங்கியது. "கூப்பிட்டியா மேன்? பிஸ்டன் நகர்ந்துச்சா?"

கிளெமென்ட் துணியை எடுத்து அவசரமாகச் சிலிண்டரை மூடினான்.

"இல்லை அங்கிள்... அசையவே மாட்டேங்குது. உங்க பையனை இன்னும் கொஞ்ச நாள் கழிச்சு வரச் சொல்லுங்க."