திருப்பிக் கொடுத்த ஜாக்கி

ஜாக்கியைத் தூக்கிக் கடை மேசைமேல் வைத்தார் சர்வேயர். அதன் பக்கத்தில் வண்டி இழுக்கிற கயிறு, வீல் ஸ்பேனர், காற்றடிக்கிற பம்ப், மடக்கு மண்வெட்டி என்று ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தன.

“எல்லாத்தையும் நீங்களே வெச்சுக்கோங்க தம்பி. இனிமே எனக்குத் தேவைப்படாது.”

கரடுமுரடான பாதைகளில் ஜீப் ஓட்டுகிறவர்களுக்கான சாமான் கடை அது. சரக்கில் நொட்டை சொல்லிப் பணத்தைத் திருப்பிக் கேட்கிறவர்களைக் கடைக்காரர் நிறையப் பார்த்திருக்கிறார். அவர்களுக்கென்றே சுவரில் ஓர் அறிவிப்புப் பலகையும் மாட்டியிருக்கிறார். காசே கேட்காமல் சரக்கைத் திருப்புகிற ஆளை இப்போதுதான் பார்க்கிறார்.

“ஜீப்பை வித்துட்டீங்களா சார்?”

“அதை ஏன் விக்கணும்? வெளியிலதான் நிக்குது. இங்கேருந்து நேரா மலைக்குத்தான் போறேன்.”

கடைக்காரர் எட்டிப் பார்த்தார். ஜீப்பின் பின்னால் ஒரு தண்ணீர்க் கேனும் போர்வையும் மட்டும் கிடந்தன. அந்த மலைப் பாதையில் பாதி தூரத்துக்கு மேல் செல்போன் வெறும் டப்பா.

அந்தச் சாமான்களில் முக்கால்வாசி சர்வேயரின் மனைவி பொறுக்கி எடுத்தவை. மாடு வாங்க வந்தவர் பல்லைப் பிடித்துப் பார்க்கிற மாதிரி ஒவ்வொன்றையும் சோதிப்பார் அந்த அம்மா. ஜாக்கி வாங்கிய அன்று கடைக்காரரின் சொந்தக் காரையே தூக்கிக் காட்டச் சொன்னார். “சேத்துல மாட்டினா நீங்களா வந்து தூக்கப் போறீங்க?” என்ற அவருடைய கேள்விக்குப் பயந்தே மட்டமான சரக்கு எடுப்பதை விட்டவர் கடைக்காரர்.

போன மழைக்காலத்தில் அந்த அம்மா தவறிப்போனார். அதற்குப் பிறகும் சர்வேயர் மலைக்குப் போகிறார், தனியாக. கடைக்கு வந்தால் எண்ணி நாலு வார்த்தை பேசுவார். அதுவும் நாம் வாயைப் பிடுங்கினால்தான்.

“முதலுதவிப் பெட்டியில மருந்தெல்லாம் பழசாயிடுச்சு. அதை மட்டும் புதுசா மாத்திக் குடுங்க” என்றார் சர்வேயர்.

கடைக்காரர் அலமாரியைத் திறந்தார். கை மருந்தைத் தேடியது, மனசு வேறு எங்கோ நின்றது.

“பொண்ணுகிட்டச் சொல்லிட்டீங்களா சார், மலைக்குப் போறதை?”

“அவளுக்கு எதுக்கு? தூர தேசத்துல இருக்கா, வேலையில முழி பிதுங்குது. வாரத்துல ஒரு நாள் கூப்பிட்டு, சாப்பிட்டீங்களாப்பான்னு கேப்பா. சாப்பிட்டேம்மான்னு சொல்லுவேன். அத்தோட சரி.”

“போன தடவைக்கு முந்தின தடவை கயிறு அறுந்து அவ்ளோ கஷ்டப்பட்டீங்களே. மறந்துட்டீங்களா?”

“எப்படி மறக்கும்? சக்கரம் பாதி சேத்துக்குள்ள. நல்லவேளை, ஒரு குடும்பம் டிராக்டர்ல வந்துச்சு. பொழுது சாயற வரைக்கும் இழுத்தாங்க. அந்த வீட்டு மருமக என்னைக் கல்லு மேல உக்கார வெச்சு, ‘மாமா, நீங்க சேத்துல இறங்கினா எனக்குக் கெட்ட கோவம் வரும்’னு மிரட்டுச்சு. கைக்குழந்தையை என் மடியில போட்டுட்டாங்க. சட்டை பூரா ஜொள்ளு.”

கடைக்காரர் காதில் சேறு மட்டும்தான் விழுந்தது. அன்றைக்கு டிராக்டர் வந்தது, இன்றைக்கு வராவிட்டால்? அந்த விபத்துக்குப் பிறகுதான் இந்தப் புதுக் கயிற்றை வற்புறுத்தி அவர் தலையில் கட்டியிருந்தார். அதில் ஓர் இழைகூடப் பிரியவில்லை.

“புதுக் கயிறு சரியில்லையா சார்?”

“கயித்துக்கு ஒண்ணும் இல்ல. போன தடவை அதையும், சக்கரத்துக்கு அடியில போடற பலகையையும் வெச்சு நானே வண்டியை வெளிய எடுத்துட்டேன். ரெண்டு வண்டி வந்துச்சு. சாமானைப் பாத்துட்டு, கையை ஆட்டிட்டுப் போயிட்டாங்க. பலகையைக்கூட அங்கேயே போட்டுட்டு வந்துட்டேன்.”

கடைக்காரர் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். துணையில்லாத மனுஷர், இருப்பதையெல்லாம் கொடுத்துவிட்டு ஆளில்லாத மலைக்குப் போகிறார் என்றால் அதற்கு என்ன அர்த்தம்? அந்த அம்மா இருந்திருந்தால் இந்நேரம் தன்னைத்தான் பிலுபிலுவென்று பிடித்திருப்பார் என்று தோன்றியது. மேசைமேல் கிடந்த ஜீப் சாவியைப் பேச்சுவாக்கில் இழுப்பறைக்குள் தள்ளி மூடினார்.

“சாமானையெல்லாம் நானே திரும்ப வண்டியில ஏத்திடறேன் சார். உங்களுக்குத் தூக்கற வேலைகூட இல்ல.”

“வேணாங்கறேன்ல.”

சர்வேயர் மருந்துக்குப் பணத்தை வைத்துவிட்டு மேசையைத் துழாவினார். சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார், குனிந்து தரையில் பார்த்தார்.

“சாவி என்கிட்டதான் இருக்கு சார்” என்றார் கடைக்காரர். “தர மாட்டேன். கோவிச்சுக்கிட்டாலும் பரவாயில்ல. அம்மா போனதுலேருந்து நீங்க நீங்களா இல்ல. இப்படி வெறும் வண்டியோட மேல போனா, நீங்க திரும்பி வர மாட்டீங்கன்னு எனக்குப் பயமா இருக்கு.”

சர்வேயர் அவரை நிமிர்ந்து பார்த்தார். திருட்டுத்தனம் பிடிபட்ட பிள்ளையைப் போல முகம் கூசியது. ஜாக்கியை மெல்ல இன்னும் கொஞ்சம் கடைக்காரர் பக்கம் நகர்த்திவிட்டு, தாழ்ந்த குரலில் சொன்னார்.

“வண்டியில எல்லாம் இருந்தா, யாரும் நின்னு பேச மாட்டேங்கறாங்க தம்பி.”