சாய்கோட்டில் தொடங்கும் பாதை

பதின்மூன்று மாதமாகக் கிடப்பில் கிடந்த புகார் அது.

"கோப்புப் பாதைகளை இணைக்கிற பக்கம்தாங்க. ஒரு வரி சேர்த்தா போதும், டீ ஆறுறதுக்குள்ள முடிச்சிடுவீங்க" என்று அதை அவள் தலையில் கட்டிவிட்டுப் பக்கத்து மேசைக்காரர் நழுவிவிட்டார்.

மென்பொருளுக்கு விளக்கக் குறிப்பு எழுதுவது அவள் வேலை. அந்தப் பக்கமும் அவள் எழுதியதுதான். அப்போது அவளுக்கு ஏழு மாதம். எழுதிய ஒவ்வொரு வாக்கியத்தையும் வயிற்றைத் தட்டித் தட்டி வாசித்துக் காட்டியிருந்தாள்.

புகார் சுருக்கமாக இருந்தது.

'பகுதிகள் வரிசையாக ஒட்டப்படும் என்கிறீர்கள். இரண்டாவது பகுதி '/' என்ற சாய்கோட்டில் தொடங்கினால் ஒட்டுவதில்லை. முதல் பகுதியையே தூக்கி எறிந்துவிடுகிறது. விண்டோஸில் டிஸ்கைக் குறிக்கிற டிரைவ் எழுத்தாவது மிஞ்சுகிறது. லினக்ஸில் அதுவும் இல்லை. இதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.'

நியாயம்தான். இதைப் போய் எப்படி விட்டோம் என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

கீழே ஓர் உதாரணம் இருந்தது. முதல் பகுதி, ஒரு வெளி டிஸ்க். இரண்டாவது பகுதி, '/சுண்டெலி'.

அந்தப் பெயரை மறுபடியும் படித்தாள்.

மகளை வீட்டில் அப்படித்தான் கூப்பிட்டார்கள். காய்ச்சல் என்று தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஐந்து வயதோடு போய்விட்டாள் சுண்டெலி. அவளுடைய சிரிப்பு, சண்டை, தப்புத் தப்பாகப் பாடிய பாட்டு எல்லாம் கணினியில் ஒரே ஒரு கோப்புறையில் இருந்தன. போனில் இருந்ததையும் அதில்தான் கொட்டி வைத்திருந்தார்கள்.

கணினி திணற ஆரம்பித்ததும், எல்லாவற்றையும் வெளி டிஸ்குக்கு மாற்றக் கணவன் ஒரு சின்ன நிரல் எழுதினான். அலுவலகத்து விண்டோஸில் ஒத்திகை பார்த்தான். கோப்புகள் ஒழுங்காக வெளி டிஸ்கில் வந்து விழுந்தன. வீட்டில் இருந்தது லினக்ஸ். அங்கே பாதையிலிருந்து வெளி டிஸ்கின் பெயர் கழன்றுபோய், நகல்கள் அந்தப் பழைய கணினிக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொண்டன.

'முடிந்தது' என்று திரையில் வந்தது. எண்ணிக்கையும் சரியாக இருந்தது. ஒன்றைத் திறந்து பார்த்திருக்கலாம். திறந்தால் சுண்டெலியின் குரல் கேட்கும். அதற்கு அவனுக்குத் தைரியம் வரவில்லை. பழைய கணினியில் இருந்ததையெல்லாம் அழித்துத் துடைத்துவிட்டான்.

வெளி டிஸ்க் காலியாக இருந்ததைப் பார்த்ததும், "ரெண்டாவது தடவையும் சாகடிச்சிட்டீங்களே!" என்று கத்தினாள்.

தன் கவனக்குறைவுதான் என்றான். வேறு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அதோடு அவள் முகம் கொடுத்துப் பேசுவதை விட்டுவிட்டாள். பால் தீர்ந்துவிட்டது, சாவி எங்கே, அவ்வளவுதான் வீட்டில் பேச்சு. முன்பெல்லாம் அடுப்படியில் நிற்கும்போது முதுகுக்குப் பின்னால் சுண்டெலி கூப்பிடுவாள். இப்போது திரும்பிப் பார்த்தால் உதடு அசைவது மட்டும் தெரிகிறது. குரல் வருவதில்லை.

புகாரின் தேதியைப் பார்த்தாள். கத்தியதற்கு மறுநாள் காலை. அனுப்பியவர் பெயர் இல்லை.

ஆனால் குறிப்புப் பக்கத்தின் அடியில், எழுதியவர் என்று அவள் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கிறது. பார்க்காமலா இருந்திருப்பான்?

அடப்பாவி மனுஷா! ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நீ எழுதியதை நம்பித்தானே செய்தேன் என்று திருப்பிக் கத்தியிருக்கக் கூடாதா? பதின்மூன்று மாதம், வாய் திறக்காமல் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டாயே!

திரையைக் கீழே இறக்கினாள்.

படிவத்தில் கடைசியாக ஒரு கேள்வி உண்டு. அதை நிரப்பாமல் யாரும் புகாரை அனுப்ப முடியாது. இந்தப் பிழையால் உங்களுக்கு ஏற்பட்ட இழப்பு என்ன?

'ஒன்றும் இல்லை' என்று எழுதியிருந்தான்.