இரண்டு பள்ளிகளுக்கு ஒரு பிணம்

“ஷரோன், துவாரகா. எதிர்ப்பக்கம் விதுஷன், றூபன். மேசையில ஒரு பிணம். எல்லாரும் நிக்கிறியள், சரியோ?” என்று ஸ்டெபனி ஆள் எண்ணினாள்.

“பிணத்தையும் எண்ணுறியளோ?” என்றான் விதுஷன்.

“அதுவும் வேலைக்கு வந்த ஆள்தான். கிச்சுகிச்சு மூட்டாதேங்கோ.”

டொரொன்டோ, அஜின்கோர்ட்டில் ஒரு கடைத்தொகுதியின் மாடி. பூட்டிய அறைக்குள் துப்புத் தேடி வெளியேறுகிற விளையாட்டு. அன்றைய கதையை ஸ்டெபனி ஒப்பித்தாள்: ஆயிரத்து எண்ணூற்று இருபதுகள், அமெரிக்கா. ஒன்றை ஒன்று கண்ணில் காட்டக்கூடாத இரண்டு மருத்துவப் பள்ளிகள். அறுத்துப் படிக்க இருப்பதோ ஒரே பிணம். அறைக்குள் ஒளித்து வைத்த திறப்பால் கதவைத் திறக்கிற பள்ளிக்கே வெற்றி.

சொல்லிவிட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு போனாள்.

பகை விளையாட்டில் மட்டும் இல்லை. ஷரோன் டொரொன்டோவில் மருத்துவம் படிக்கிறாள். அவளோடு ஒரே வகுப்பில் படித்து வளர்ந்த விதுஷன் ஹமில்டனில். தோற்பவர் மற்றவருடைய பள்ளி ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு பள்ளித்தோழி நிஷாந்தியின் கலியாணத்துக்கு வர வேண்டும் என்று பந்தயம். ஷரோன் இவனிடம் ஒருநாளும் தோற்றதில்லை. கலியாணத்துக்குச் சேலையும் எடுத்துவிட்டாள்.

“உன்ர தம்பி ஜெனாட்டையும் கூட்டி வந்திருக்கலாமே,” என்றான் விதுஷன், அலுமாரியைக் கிண்டியபடி. “அவன் எங்கட ஹமில்டனுக்குத்தானே வரப்போறான்.”

“கனவு காணு. அவன் எங்கட பள்ளிக்குத்தான். இப்ப ஒட்டாவாவில நிக்கிறான். நாளைக்கு நுழைவுச் சோதனை. அம்மா மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்திப்போட்டு இருக்கிறா.”

“அந்தக் காலத்தில பிணத்தையும் களவெடுத்தவை, மற்றப் பள்ளிப் பெடியளையும் களவெடுத்தவை. நாங்களும் செய்வம்.”

“உனக்கு ரெண்டும் கிடையாது.”

துப்பு அவளுக்குத்தான் முதலில் அகப்பட்டது. மருந்துப் போத்தல் ஒன்றின் அடியில் ‘இடது கை’ என்று எழுதியிருந்தது.

ஷரோன் மேசைக்குப் போய்த் துணியை உயர்த்தினாள். பார்த்தாள். மூடினாள். அவள் கையில் திறப்பு இருந்தது.

“திற, திற,” என்றாள் துவாரகா.

ஷரோன் நின்ற இடத்திலேயே நின்றாள். விதுஷன் ஃபோனை எடுத்துக்கொண்டு வந்தான். “சரி, தோத்தாச்சு. பிணத்தோட ஒரு படமாவது எடுத்திட்டுப் போறன்.” துணியின் நுனியைப் பிடித்தான்.

ஷரோன் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். “துணியை விடு. இந்தா திறப்பு. நீயே திற.”

“உதென்ன சுத்துமாத்து?”

“நீ திறந்தா நீ வெண்டாய். படம் மட்டும் இல்லை. வேணுமோ, வேண்டாமோ?”

அவன் துணியை விட்டான். கதவு திறந்தது. றூபன் விசிலடித்தான்.

“உனக்கென்ன விசரோ?” என்று துவாரகா சீறினாள்.

ஷரோன் விதுஷனைப் பார்த்தாள். “ஜக்கெற் என்ன அளவு?”

“எக்ஸ்ட்ரா லார்ஜ். முழங்கால் வரைக்கும் வரும்.”

“நல்லது. சேலைக்கு மேல போட வசதி.”

ஸ்டெபனி வெளியே சாவிக்கொத்தோடு நின்றாள். மூன்று பேரும் சத்தம் போட்டபடி படியிறங்கினார்கள். கடைசியாக ஷரோன் வாசற்படியில் கால் வைத்தபோது, பின்னால் துணிக்குள்ளிருந்து பிணம் முனகியது.

“அக்கா, அம்மாட்டைச் சொல்லிப்போடாதை.”

அவள் திரும்பவில்லை. “மெழுகுதிரியை நான் போய் ஊதி நூத்துவிடுறன். மிச்சத்தை நீ வந்து சொல்லு.”

அவளுக்குப் பின்னால் ஸ்டெபனி கதவைச் சாத்திப் பூட்டினாள்.