மயில் மேயும் காடு

வெண்ணந்தூரைத் தாண்டி, காலை வெயில் சாய்வாக விழும் செம்மண் கடலைக்காட்டில் சத்யபிரியா மண்கட்டியோடு கையை ஓங்கி நிற்கிறாள். முந்தாநாள் அவள் ஊன்றிய நிலக்கடலையை மயில்கள் கிளறித் தின்றுகொண்டிருக்கின்றன. உடைந்த பருப்பின் பச்சை வாசம் ஈரமண்ணோடு கலந்து வருகிறது. போன விதைப்பின்போது பூச்சிமருந்து கலந்த விதையைத் தின்று பக்கத்துக் காட்டில் மயில்கள் செத்தன. அந்தக் காட்டுக்காரர் கோர்ட்டுக்கு நடையாய் நடக்கிறார். அந்தப் பயத்தில் இவள் மருந்து டப்பாவைத் திறக்கவேயில்லை. வரப்போரம் வண்டியை நிறுத்திய வனக்காவலர் குணசீலன் அவள் கையைப் பார்த்துவிடுகிறார். "அடிச்சறாதீங்கக்கா, கேசாயிரும்." அவள் திரும்புகிறாள். "மருந்து கலந்தாலும் கேசுங்கறீங்க. கலக்காம வெதச்சா ஒரு பருப்பு மிஞ்சறதில்ல. நா என்னதானுங்க பண்ணட்டும்?" அவர் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைக்கிறார். "எங்கூட்டுக் காட்டுலயும் இதே கததானுங்க. மறுக்கா வெதச்சிருக்கறோம்." அவள் ஓங்கிய கையை இறக்கி, மண்கட்டியைத் தன் காலடியிலேயே வீசி அடிக்கிறாள். அது பொடிப்பொடியாகச் சிதறுகிறது. நீலக் கழுத்தொன்று நிமிர்ந்து அவளைப் பார்க்கிறது. பிறகு அடுத்த குழியைக் கிளறக் குனிகிறது.