எத்தனை வருஷம் தாங்கும்

"எத்தனை வருஷம் தாங்கும்?"

மெமரி கார்டு விற்க வந்தவரிடம் அவள் இதைக் கேட்பது மூன்றாவது தடவை.

குரல் பரிசோதனைக் கூடத்து மேசையில் இரண்டு வகை கார்டுகள் கிடந்தன. ஒன்று மலிவு. மற்றது அதைப்போல் நாலு மடங்கு விலை. கூடத்திலிருந்த பதிவுக் கருவி அரதப் பழசு. எந்தக் கம்ப்யூட்டரோடும் ஒட்டாது. நோயாளிகள் பேசுவதெல்லாம் இந்த நகத்தளவுச் சில்லுக்குள்தான் போய் உட்கார வேண்டும்.

"மலிவு கார்டு சும்மா அலமாரியில கிடந்தா அஞ்சாறு வருஷத்துல மறக்க ஆரம்பிச்சிடும் மேடம். இது இன்னும் ரொம்ப நாள் நிக்கும். ஆனா எதையுமே நம்பி ஒரே இடத்துல வைக்காதீங்க."

அவள் அந்தக் கூடத்தின் டெக்னீஷியன். தொண்டை ஆபரேஷனுக்கு வருகிறவர்களை 'ஆ' சொல்ல வைப்பாள், 'ஈ' சொல்ல வைப்பாள், ஒன்று இரண்டு எண்ண வைப்பாள்.

பெரிய டாக்டர் கதவருகே நின்றபடியே விஷயத்தை முடித்துவிட்டார். மூன்று வருஷத்துக்கு மேல் இங்கே எந்தப் பதிவும் வைப்பதில்லை. மலிவே போதும்.

நியாயம்தான். மலிவு கார்டு ஒரு பெட்டிக்குக் கையெழுத்துப் போட்டாள்.

விற்பவர் பையை மூடப் போனார். அவள் விலை கூடியதில் இரண்டை எடுத்துத் தனியே வைத்தாள். இது தன் சொந்தக் கணக்கு என்றாள்.

கல்யாண வீடியோவா மேடம் என்று சிரித்தார் அவர்.

அவளும் சிரித்துவைத்தாள். அவர் தலை மறைந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு மாடி வார்டுக்குப் போய்க் கணவனை அழைத்து வந்தாள்.

அவன் பஸ் கண்டக்டர். எவ்வளவு நெரிசலிலும் கடைசி சீட்வரை கேட்ட குரல், சில மாதங்களில் உப்புத்தாளில் தேய்த்தது போலாகியிருந்தது. நாளை காலையில் புற்று வந்த குரல்வளையை எடுத்துவிடுவார்கள். உயிருக்குப் பயமில்லை என்று சொல்லியிருந்தார்கள். அதையே இருவரும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

சத்தம் புகாத கண்ணாடி அறையில் அவனை உட்காரவைத்து மைக்கை அருகில் இழுத்தாள். 'ஆ' முடிந்தது. 'ஈ' முடிந்தது. எண்ணியும் முடித்தான். ஆஸ்பத்திரிக்கு அவ்வளவுதான் வேண்டும்.

அவள் கார்டை மாற்றினாள்.

இது யாருக்கு என்பது போல் பார்த்தான். உனக்கா என்று விரலை நீட்டினான்.

அவள் தலையசைத்து மறுத்தாள். வெள்ளைக் கோட்டின் பொத்தானைக் கழற்றி, அவன் கையை எடுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள். ஐந்தாம் மாதம். இப்போதுதான் அசையத் தொடங்கியிருந்தது.

ஒரு பஸ் நிறைய ஆட்களைப் பேசியே சமாளித்தவன், என்ன சொல்ல என்பது போல் அவளைப் பார்த்தான். கருவியின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

"திட்டுங்களேன்," என்றாள் அவள். "அப்பா திட்டுற மாதிரி ஏதாவது."

அவன் தொண்டையைச் செருமினான். மைக்கைப் பார்க்கவில்லை; குனிந்து, கை வைத்திருந்த இடத்தைப் பார்த்துச் சொன்னான்:

"ஏய், படியில நிக்காத. விழுந்துடுவ. உள்ள வா, கண்ணு."