கண்ணாடி அறை

"மேனேஜருங்க வியாபாரத் திட்டம் எப்படிப் போடுறாங்கன்னு கூடவே இருந்து பாக்குறதுதான் சார் என் பிஎச்டி. ஒரு மாசமா பாத்துக்கினு இருக்கேன். நீங்க எதுவுமே பண்ணலயே! நான் என்னத்த எழுதுறது?"

கிரேஸுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. பட்டுக்கடை மேனேஜர் கலியன் டீயை உறிஞ்சியபடி சிரித்தார். அவர் அன்றாடம் செய்வதே அதுதான். டீ குடிப்பார், வாசலில் நின்று எதிர்க்கடையை வேடிக்கை பார்ப்பார். அவளைத்தான் தெருவைப் பார்த்த கண்ணாடி அறையில் உட்காரவைத்து, "போர்டுல கோடு கீடு போட்டுக்கினு இருமா, பொழுது போவும்" என்பார்.

அந்த நேரம் பார்த்து எதிர்க்கடை முதலாளி இனிப்புப் பெட்டியோடு உள்ளே வந்தார்.

"கலியா, டூரிஸ்ட் பஸ் நிறுத்த அந்தக் காலி மனைக்கு நீயும் நானும் மோதிக்கினது போதும்பா. ரெண்டு கடையும் சேர்ந்தே வாடகைக்கு எடுத்துக்கலாம்."

"போன வருஷம் இதையேதானே நான் கேட்டேன்? ஒரேயடியா முடியாதுன்னுட்டீங்களே முதலாளி!"

"இப்ப நீ சென்னையிலேர்ந்து ஆளு கொண்டாந்து உக்கார வச்சிக்கினு இல்ல திட்டம் போடுற!" என்றவர் கிரேஸைப் பார்த்துக் கும்பிட்டார். "மேடம், நீங்க போர்டுல போட்ட கோடுங்களையெல்லாம் பாத்துப் பாத்து எனக்குத் தூக்கமே போச்சு."

அவர் போனதும் கலியன் இனிப்புப் பெட்டியை அவள் பக்கம் நகர்த்தினார். "எடுத்துக்கமா. பாதி உன்னுது."

கிரேஸுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "முதல்லயே சொல்லியிருக்கலாமே சார்!"

"சொல்லியிருந்தா, அவ்ளோ சின்சியரா கோடு போட்டிருப்பியா?"